ஜமக்காளத்தைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி (4.6.2023)

எங்கள் வீட்டில் ஒரு பவானி ஜமக்காளம் இருக்கிறது. அம்மாவின் அப்பத்தாவுக்குக் கல்யாணச் சீதனமாக வந்தது. 150 வருஷத்துச் சாமான், கரை சுத்தப் பட்டு, சாயம் இலையிலும் வேரிலும் எடுத்தது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மெஷின்ல போட்டதுங்க, ரெண்டாயிரம் தர்றேன்" என்கிறார். இதுவரை மூன்று தடவை வந்துவிட்டார். மெஷினில் போட்டதற்கு எதற்கு மூன்று தடவை வரவேண்டும்? வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? துவைத்து வைக்கலாமா?

4.6.2023, இரவு

துவைக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தையும் நான்கு மூலைகளையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். மேல்பக்கம் வேண்டாம். மேல்பக்கத்தைப் பார்த்து வயது சொல்கிறவர் வியாபாரி.

6.6.2023

படங்கள் வந்தன. முதலில் மெஷின் விஷயம். இது கைத்தறிதான். ஓரத்தைப் பாருங்கள், ஒரே நேராக இல்லை. சில இடத்தில் உள்வாங்கி, சில இடத்தில் வெளியே தள்ளியிருக்கிறது. அகல ஜமக்காளத்துக்குக் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை ஒருவர் தள்ள, மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ளுவார். என் அப்புச்சியும் அம்மாயியும், அதாவது அம்மாவின் அப்பாவும் அம்மாவும், அப்படி நெய்தவர்கள். சண்டை போட்ட அன்றைக்கு நெய்த பட்டை மட்டும் தளர்ந்து நிற்கும் என்று அம்மாயி சொல்லும். கல்யாண வீட்டில் விரித்திருக்கும் ஜமக்காளத்தைக் காட்டி, "இங்க பாரு, இந்தப் பச்சையில உங்க அப்புச்சி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு" என்று அது சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். உங்கள் படத்தில் மூன்றாவது பச்சைப் பட்டை அந்த மாதிரிதான் தெரிகிறது.

ஜமக்காளத்துக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் போகும் பாவு நூலை முழுக்க மூடிவிடும். இரண்டு பக்கமும் ஒரே கோலம். ஆனாலும் வீட்டில் பழக்கத்தால் ஒரே பக்கத்தைத்தான் மேலே விரிப்பார்கள். அதனால் நெய்த அன்று இருந்த நிறத்தை அடிப்பக்கம் வைத்திருக்கும். உங்கள் சிவப்பு மேலே செங்கல் தூள் மாதிரி வெளுத்திருக்கிறது, அடியில் ரத்தச் சிவப்பாக இருக்கிறது. இந்த வித்தியாசம் எனக்குச் சந்தேகம் தருகிறது. நல்ல வேர்ச்சாயச் சிவப்பு இவ்வளவு ஏமாற்றாது.

இனி 150 வருஷம். கணக்குப் போட்டால் 1873. வெளிநாட்டு மில் துணி வந்து குவிந்து, புடவையும் வேட்டியும் நெய்து பிழைக்க முடியாமல் போன 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பவானியில் ஜங்கமர் என்ற சமூகத்து நெசவாளர்கள் கெட்டி நூலில் வண்ணப் பட்டை போட்ட விரிப்புக்கு மாறினார்கள் என்பது அந்த ஊர்க் கதை. கெட்டி நூலில் பூவேலை வராது, பட்டை மட்டும்தான் வரும். கரையில் டிசைன் போட்ட ரகம் அதற்கும் பிறகு வந்தது. அதனால் உங்கள் குடும்பக் கணக்கில் ஒரு தலைமுறை கூடிப்போயிருக்கலாம்.

இன்னொன்று. பழையது என்றால் நூல் கையால் நூற்றதாக இருக்கும். ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள். ஒரே கனமாக வந்தால் மில் நூல், அப்போது பழமை கிடையாது.

7.6.2023

நேற்று கடைசியில் எழுதியது தப்பு. தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தறிக்காரர்கள் கைக்கு மில் நூல் வந்துவிட்டது. மில் நூலாக இருப்பதாலேயே புதுசு என்று சொல்ல முடியாது. கைநூலாக இருந்தால் ஒரு விசேஷம், அவ்வளவுதான். ஈரோட்டு நூல் கடையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு இந்தத் தடுமாற்றம்.

9.6.2023

கரைக்குச் சோதனை. மூலையில் ஏற்கெனவே பிரிந்து தொங்கும் நூல் இரண்டு அங்குலம் போதும். பிய்க்க வேண்டாம். பாதியை ஊதுபத்தி நெருப்பில் காட்டுங்கள். பட்டென்றால் முடி பொசுங்கின நாற்றம் வரும், கருப்பாக மணி கட்டும், விரலில் நசுக்கினால் தூளாகும். காகிதம் எரிந்த வாடை வந்தால் பட்டில்லை.

11.6.2023

காகித வாடைதான் வந்ததா? நினைத்தேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் காகித வாடை என்பதோடு முடியவில்லை. பருத்தியும் அப்படித்தான் மணக்கும், ரேயானும் அப்படித்தான். இரண்டும் மரம் செடி வழி வந்தவை. கரை மினுமினுப்பதால் ஒன்று பளபளப்பு ஏற்றிய பருத்தி, இல்லாவிட்டால் ரேயான். இதைப் பிரிக்க எங்கள் கடையில் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்று உண்டு. மீதி நூலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடுவில் மட்டும் நாக்கால் நனைத்து, மெதுவாக இழுக்க வேண்டும். ரேயான் சரியாக நனைந்த இடத்தில் அறும். ஈரம் பட்டால் அதற்கு பலம் போய்விடும். பருத்திக்கு நேர்மாறு, நனைந்தால் கெட்டிப்படும். காய்ந்த இடத்தில் அறுந்தால் பருத்தி.

பெரியவர் இதைச் செய்துவிட்டு எதிரில் நிற்கும் வியாபாரியைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். விலை தானாக இறங்கும்.

12.6.2023

ஈரத்தில் அறுந்தது. சரி, ரேயான். நம் ஊர்க் கடைபாஷையில் ஆர்ட் சில்க். செயற்கைப் பட்டு என்பது கடையில் 'பட்டு' ஆகி, வீட்டுக்கு வந்ததும் 'சுத்தப் பட்டு' ஆகிவிடும். உங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. ரேயான் பெரிய அளவில் விற்பனைக்கு வந்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். ஆக, உங்கள் ஜமக்காளம் அதற்கு இப்பால்.

இதனால் அது மட்டமில்லை. அந்தக் காலத்தில் ஆர்ட் சில்க் கரை என்றால் புது நாகரிகம். சீதனத்தில் அதை வைத்தவர்கள் கொஞ்சம் பெருமைக்குத்தான் வைத்திருப்பார்கள்.

12.6.2023, கொஞ்ச நேரம் கழித்து

சிவப்புக்கும் ஒரு சோதனை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உதிர்ந்த சிவப்பு நூலை வெள்ளைத் தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். ஜமக்காளத்தின் மேல் விடக் கூடாது. அமிலம் பருத்தியைத் தின்றுவிடும்.

14.6.2023

ஊதா கலந்த கறுப்பாக மாறி, சோடா உப்புத் தண்ணீரில் போட்டதும் திரும்பவும் சிவந்துவிட்டது என்றீர்கள். அது காங்கோ சிவப்பு என்ற ரசாயனச் சாயமாகத்தான் இருக்க வேண்டும், அல்லது அதன் பங்காளி. ஜெர்மனியில் கண்டுபிடித்து 1884இல் காப்புரிமை வாங்கியது. அதற்கு முன்னால் பருத்தியில் சிவப்பு ஏற்றுவது பெரும்பாடு. படிகாரம், சாயவேர், வெயில், திரும்பத் திரும்ப அலசல் என்று நாள் கணக்கில் போகும். காங்கோ சிவப்புக்கு ஒரு அண்டா வெந்நீரும் உப்பும் போதும், அன்றைக்கே நூல் சிவந்துவிடும். சாயக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு வாங்கியதில் ஆச்சரியமில்லை. வெயிலுக்கு வெளுக்கும், தண்ணீருக்கு ஓடும், புளிப்புப் பட்டால் நிறம் மாறும் என்பது வாங்கினவர்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

துவைக்காதீர்கள் என்று முதல் நாளே சொன்னதற்குக் காரணம் இதுதான். ஊற வைத்திருந்தால் சிவப்பு ஓடி, பக்கத்து மஞ்சள் பட்டையெல்லாம் குங்குமம் கொட்டின மாதிரி ஆகியிருக்கும்.

19.6.2023

கள்ள நோட்டுப் பார்க்கிற நீல விளக்கை அடித்துப் பார்க்கலாமே என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். புதுத் துணி பளீரென்று நீலமாக மின்னும், பழசு மங்கலாக இருக்கும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வது. நானும் நான்கு வருஷம் அந்த விளக்கோடு திரிந்தவன். அதனால் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

கும்பகோணம் பக்கம் அத்தை வீட்டில் ஒரு பழைய கலம்காரித் துணி, அதாவது கையால் சாயம் வரைந்த துணி, இருந்தது. சாமிக்கு மேலே விதானமாகக் கட்டுவது, அங்கே அஸ்மானகிரி என்பார்கள். நடுவில் தாமரை, சுற்றிலும் கிளிகள். அத்தை என்னை நம்பி, "இது எந்தக் காலத்துதுடா?" என்று கேட்டாள். விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கை அடித்தேன். டிஸ்கோ மாதிரி மின்னியது. "நாற்பது வருஷம்கூட இருக்காது அத்தை" என்றேன். பெரிய நிபுணன் மாதிரி.

அடுத்த முறை போனபோது கேட்டேன். நடுப்பகுதியை வெட்டிக் கிரைண்டருக்கு உறை தைத்துவிட்டாள். மீதியை மாடு கட்டுகிற கொட்டகையில் கொசுவுக்குத் தொங்கவிட்டிருந்தாள்.

அந்த மீதியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கிளியின் உடம்பு இருக்கிறது, கிளியைச் சுற்றிப் போட்ட கறுப்புக் கோடு இல்லை. கோடு இருந்த இடத்தில் மட்டும் துணி இற்று உதிர்ந்து, ஊசியால் வெட்டின மாதிரி இடைவெளி. பழைய கலம்காரியில் கறுப்பு என்பது இரும்புத் துண்டும் வெல்லமும் போட்டு நாள் கணக்கில் புளிக்க வைத்த தண்ணீர். கடுக்காயில் தோய்த்த துணிமேல் அது பட்டதும் கறுக்கும். அந்த இரும்பு உள்ளேயே இருந்து வருஷக் கணக்கில் நூலை அரிக்கும். கோட்டை மட்டும் தின்று மற்றதை விட்டுவைப்பதை ஏமாற்றுக்காரன் போலியாகச் செய்வது மிகவும் கஷ்டம்.

அப்புறம் பூசை அறையில் ஒரு செம்பின் மூடியைக் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தேன். அதே துணியின் ஓரத்தில் எந்தக் காலத்திலோ கிழித்தது. அதில் நீல விளக்கை அடித்தால் மினுக்கமே இல்லை. அப்போதுதான் புரிந்தது, மின்னியது துணி இல்லை, சோப்புத்தூள். வெளுப்பு காட்டுவதற்காகத் தூளில் சேர்க்கிற மருந்து பழைய துணியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முந்தின நாள் பக்தியோடு பவுடர் போட்டுத் துவைத்திருக்கிறார்கள். செம்பில் கட்டின நாடா மட்டும் தப்பித்தது.

நாடாவை அத்தை எனக்குக் கொடுத்துவிட்டாள். கிரைண்டர் உறையைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

20.6.2023

நேற்று எழுதியதற்கு ஒரு திருத்தம். நீல விளக்கே உதவாது என்று படித்தவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். மின்னினால் எதுவும் சொல்ல முடியாது. துவைத்ததே இல்லை என்று உறுதியாகத் தெரிந்த துணியின் உள் நூல் மின்னினால் அது 1940களுக்குப் பிந்தியது என்று ஓரளவு சொல்லலாம். துவைத்ததே இல்லாத துணி நம் ஊரில் எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கார்பன் சோதனைக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில். சுமார் 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்தச் சோதனையில் ஆண்டுகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். 1680ஆகவும் இருக்கலாம், 1890ஆகவும் இருக்கலாம் என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்?

27.6.2023

ஜமக்காளத்துக்கும் ரத்தினக்கம்பளத்துக்கும் வித்தியாசம் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விரலால் பிளந்து பாருங்கள். கம்பளத்தில் பாவு நூல்மேல் ஒவ்வொரு முடிச்சாகக் கம்பளி கட்டி, நுனியைக் கத்தரித்து நிறுத்தியிருக்கும். அந்த மயிரைப் பிரித்தால் அடியில் முடிச்சு தெரியும். பாரசீக முடிச்சில் இரண்டு பாவில் ஒன்றைத்தான் நூல் முழுசாகச் சுற்றும், துருக்கி முடிச்சில் இரண்டையும் சுற்றும். ஜமக்காளத்தில் முடிச்சே கிடையாது, ஊடையை நெருக்கி அடித்த வெறும் நெசவு.

தென்னாட்டிலும் முடிச்சுக் கம்பளம் நெய்தார்கள். ஆந்திராவில் ஏலூருவில் நெய்தார்கள், வேலூர்ச் சிறையில் கைதிகளும் நெய்தார்கள். தக்காணத்தில் நெய்த சில கம்பளங்கள் ஜப்பானுக்குப் போய், கியோட்டோவில் ஜூலை மாத கியோன் திருவிழாத் தேர்களில் தொங்குகின்றன. நெய்த ஊரில் அந்தக் காலத்துக் கம்பளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேர் இழுத்தவர்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தோராஜா மக்கள் குலச் சொத்தாகப் போற்றி வைத்திருந்த குஜராத் துணிகளில் சில 15ஆம் நூற்றாண்டையும் அதற்கு முந்தியதையும் சேர்ந்தவை என்று தெரியவந்தது. சேகரிக்கிறவர்களைவிட, சாமி என்று நினைத்துப் பெட்டியில் வைத்தவர்கள்தான் நன்றாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். என் அத்தையும் அப்படித்தான் வைத்திருந்தாள், நான் போய் வாய் திறக்கும்வரை.

28.6.2023

பேச்சு வேறு பக்கம் போகிறது, இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சென்னைப் பக்கம் நெய்த கட்டம் போட்ட துணி நைஜீரியாவில் கலபாரி மக்களிடம் 'இஞ்சிரி' என்ற பெயரில் போனது. அங்கே பெண்கள் பிளேடால் சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, கட்டத்துக்குள் புதுக் கோலம் கொண்டுவருவார்கள். நாம் நெய்து முடித்தது அவர்களுக்கு ஆரம்பம். நூல் கடைக்காரனான எனக்கு இதைக் கேட்டதும் முதலில் வயிறு எரிந்தது. படத்தைப் பார்த்த பிறகு எரியவில்லை.

3.7.2023

இன்னொருவர் "என்னிடம் கோடாலிக்கருப்பூர் சேலை இருக்கிறது, விலை என்ன?" என்று கேட்கிறார். பொறுங்கள். கொள்ளிடக்கரைக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகச் செய்தது அது. முதலில் பருத்தியில் ஜரிகைப் பூவைக் கையால் கோத்து நெய்வார்கள். அதன் பிறகு அதே துணியில் மெழுகு வைத்து, கலம் என்ற வரைகோலால் வரைந்து, சிவப்பும் கறுப்பும் ஏற்றுவார்கள். சாயத்துக்கு நடுவில் ஜரிகை அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். நெய்கிறவனுக்கும் வரைகிறவனுக்கும் ஒரே கோலம் மனதில் இருந்தால்தான் இது நடக்கும். 1855இல் வாரிசில்லாமல் அரசர் போக, கம்பெனி அரசை எடுத்துக்கொள்ள, வாங்க ஆளில்லாமல் வேலை நின்றது.

மிஞ்சியவற்றில் சில லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் ஊரில் ஏன் இவ்வளவு குறைவு என்றால், "பழைய பட்டு, ஜரிகை வாங்கறது" என்று தெருவில் குரல் கேட்டிருப்பீர்களே, அதுதான் காரணம். வெள்ளிக்காகத் துணியை எரித்துவிடுவார்கள். எத்தனை அரண்மனைச் சேலைகள் அந்த அடுப்பில் போயினவோ.

உங்கள் படத்தில் பூவின் ஜரிகை சாயத்துக்கு மேலே நிற்கிறது. சாயத்துக்குப் பிறகு தைத்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, கட்டிக்கொள்ளுங்கள். 2021இல் புவிசார் குறியீடு வாங்கியது இந்தச் சேலை இல்லை, கருப்பூர்க் கலம்காரி ஓவியம். இரண்டையும் குழப்பித்தான் இப்போது விற்பனை நடக்கிறது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. துபாய் மச்சான் கேட்கிறார் என்று யாரும் என்னிடம் எழுத வேண்டாம்.

11.7.2023

ஜமக்காளக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். அம்மா கோபம் தணிந்து, பீரோவில் தேடி, அப்பத்தாவின் கல்யாணப் பத்திரிகையை எடுத்திருக்கிறார். 1934, கோபிசெட்டிபாளையம். ரேயான், காங்கோ சிவப்பு, பத்திரிகை மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. 150 இல்லை, 89. ஆனால் சீதனமாக வந்தது என்ற கதை அப்படியே உண்மை. எண் மட்டும் வழியில் வளர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்புச்சி ஒரு தறியில் ஆரம்பித்து இப்போது பேரன்கள் வாயில் பன்னிரண்டு தறிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

வியாபாரி மூன்று முறை வந்ததே மெஷினில் போட்டதில்லை என்று தெரிந்துதான். தேதி தெரிந்த சாமான் இன்னும் அபூர்வம். பத்திரிகையும் ஜமக்காளமும் சேர்ந்து இருக்கும் வீடு எத்தனை? இரண்டையும் பிரிக்காதீர்கள். பத்திரிகையைக் காட்டாமல் அவரிடம் பேசிப் பாருங்கள், காட்டிவிட்டும் பேசிப் பாருங்கள். எனக்கு எழுதுங்கள்.

வைக்கும் விதம்: கஞ்சி போடக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. மடிக்காமல், பழைய வேட்டி சுற்றிய குழாயில் உருட்டி, மேலேயும் ஒரு வேட்டி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். தூசுக்கு, கொசுவலைத் துணியை மேலே விரித்து அதன்மேல் வேக்குவத்தை மெல்ல இழுங்கள்.

24.8.2023

வியாபாரி பத்திரிகையைப் பார்த்ததும் இரண்டாயிரம் இருபத்தைந்தாயிரம் ஆனதாம். அம்மா தரமாட்டேன் என்றுவிட்டார். நல்லது.

ஆனால் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அதை விரித்தீர்கள் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். யாரோ குழந்தை பாயசத்தைக் கொட்டிவிட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்கிறீர்கள். தேய்க்காதீர்கள். காய்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், மேலிருந்து அழுத்தி, திரும்பத் திரும்ப. ஈரத்துணி இப்போதைக்கு வேண்டாம். எந்தப் பட்டையில் கொட்டியது, அம்மணி? மஞ்சளிலா, சிவப்பிலா?